டீமேக்கர் ஐயாவின் ஓட்டு

எங்கள் நகர நூலகத்தின் உள்ளறையில் ஒரு தேயிலைப் பெட்டி இருக்கிறது. மெல்லிய பலகையில் செய்து, விளிம்பெல்லாம் தகரம் வைத்து ஆணி அடித்த அந்தக் காலத்துப் பெட்டி. உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாள் பாதிக்கு மேல் உரிந்து போய்விட்டது. பக்கவாட்டில் மையால் பதித்த தோட்டத்துப் பெயரில் இரண்டு மூன்று எழுத்துகள்தான் மிச்சம். அதைக் கவிழ்த்துப் போட்டு, மேல்தட்டுப் புத்தகங்களை எடுக்க ஏறி நிற்கிறார்கள். நான் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிறது. எப்போதாவது அந்தப் பக்கம் போனால் முதலில் என் கண் அந்தப் பெட்டியைத்தான் தேடும். அதைத் திருப்பி மூக்கை உள்ளே வைத்தால் இன்னும் தேயிலை வாசம் வருகிறது. சொன்னால் அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கிழவிக்கு வேறு வேலையில்லை என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பெட்டியில் கட்டுரைகள் போய் வந்தன. நான் அப்போது ஹட்டன் நூலகத்தில் உதவியாளர். மலைநாட்டு நூலகங்களிலும் வாசிகசாலைகளிலும் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். வருஷத்துக்கு ஒருமுறை மாநாடு. பெயர்தான் மாநாடு, வந்த கூட்டம் ஒரு பாடசாலை மண்டபத்தை முக்கால்வாசி நிரப்பினாலே பெரிய காரியம். ஆனாலும் அதற்கென்று லிந்துலையிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் இன்னும் எங்கெங்கோ இருந்தும் ஆட்கள் கட்டுரை எழுதி அனுப்புவார்கள். கரையான் அரிக்காமல் புத்தகத்தைக் காப்பது எப்படி, இரவல் கொண்டு போனவரிடமிருந்து சண்டையில்லாமல் திருப்பி வாங்குவது எப்படி, இப்படி. வந்ததையெல்லாம் அப்படியே மேடையேற்ற முடியாது அல்லவா? அதனால் மூன்று பேர் முன்கூட்டியே படித்துப் பார்ப்பார்கள். மூவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் கட்டுரை மேடை ஏறாது. திருத்திக்கொண்டு அடுத்த வருஷம் வரலாம். படித்துப் பார்ப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது, பஸ் காசு கிடையாது. மாநாட்டன்று ஒரு வடையும் தேத்தண்ணியும் உண்டு. இன்றைக்கு இவர்களைத் தன்னார்வ மதிப்பீட்டாளர்கள் என்கிறார்கள். எங்கள் காலத்தில் ‘கட்டுரை பார்க்கிற ஆட்கள்’, அவ்வளவுதான்.

முதலாமவர் ஒரு தலைமையாசிரியர், இரண்டாமவர் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளார்க். இருவரும் எல்லாக் கட்டுரைகளின் அடியிலும் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். தலைமையாசிரியர் மனசு நல்ல நிலையில் இருந்த வருஷங்களில் ‘மிக நன்று’. கட்டுரைகளைக் கட்டியிருந்த நூல் நான் கட்டிய முடிச்சோடு அப்படியே திரும்பி வந்த வருஷமும் உண்டு. மூன்றாமவர்தான் எங்கள் டீமேக்கர் ஐயா. நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் கொழுந்தைத் தேயிலையாக்கும் பொறுப்பு முழுதும் அவருடையது. அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். ஐம்பது வயசிருக்கும். உள்ளங்கை எப்போதும் பழுப்பாக இருக்கும். பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் நாம் சொல்கிற விஷயத்தைப் பார்ப்பது போல எங்கேயோ பார்ப்பார். எங்கள் நூலகத்தில் அவரளவு புத்தகம் எடுத்தவர் வேறு யாருமில்லை. அதனால்தான் ஆள் கிடைக்காத ஒரு வருஷத்தில் அவரைக் கேட்டார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். கேட்டவுடன் சரி என்ற மற்ற இருவரையும் இவரையும் அந்த இரண்டு நாளை வைத்தே அளந்திருக்கலாம்.

தேயிலைப் பெட்டி அவருடைய ஏற்பாடு. தோட்டத்து லொறி தேயிலையை ஏற்றிக்கொண்டு ஹட்டன் ரயில் நிலையத்துக்கு வரும். வெறுமனே திரும்பிப் போகும். போகிற வழியில் நூலக வாசலில் நிறுத்தி, கட்டுரைகள் அடங்கிய பெட்டியை ஏற்றிக்கொள்ளும். எங்கள் ஊர் மழையிலும் பனியிலும் காகிதம் ஒரு வாரத்தில் நமுத்துப் போய்விடும். ஈயத்தாள் ஒட்டிய பெட்டிக்குள் வைத்தால் அந்தக் கவலையில்லை. லொறி ஓட்டியவர் சிங்களவர், தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். பெட்டி வாசலில் இருந்தால் யாரையும் கேட்காமல் தூக்கி வைத்துக்கொள்வார். திரும்பி வரும்போது, “ஐயா படிச்சி முடிச்சிட்டாரு நோனா, என்னைய வறுத்து முடிச்சிட்டாரு, கீழ போடாத, நனைக்காதன்னு” என்று சிரித்துக்கொண்டே இறக்கி வைப்பார்.

பெயரை மூடுகிற வழக்கமும் டீமேக்கர் ஐயா கொண்டு வந்ததுதான். தொழிற்சாலையில் தினமும் காலையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, முந்திய நாள் தேயிலையை ஊற்றி ருசி பார்ப்பார்கள். எந்தக் கோப்பையில் எது என்று ருசிக்கிறவருக்குத் தெரியக்கூடாது. “கோப்பையில பேரு எழுதியிருந்தா நாக்கு பொய் சொல்லிருமுங்க” என்றார் செயற்குழுவில். எல்லோரும் ரசித்துத் தலையாட்டினார்கள். சங்கத் தலைவர்தான் அதிகமாக ரசித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதியவர் பெயரின் மேல் பழுப்புக் காகிதத் துண்டொன்றை மாப்பசை தடவி ஒட்டுவது என் வேலையாயிற்று. மாநாடு நெருங்கும் நாட்களில் என் மேசையில் பல்லிகள் பசை நக்க வரும்.

அவர் திருப்பி அனுப்பும் கட்டுரைகளில் தனியே ஒரு சீட்டு செருகியிருக்கும். சின்னச் சின்ன எழுத்தில் சீட்டு நிறைய எழுதியிருப்பார். அடியில் கோடு போட்டு, ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’. ‘கொழுந்து நல்ல கொழுந்து, வாட்டல் போதவில்லை, இன்னும் ஒரு மாதம் வைத்திருந்து எழுதுங்கள்’ என்று ஒருவருக்கு. ‘நீங்கள் சொல்லவந்தது நான்காம் பக்கத்தில்தான் இருக்கிறது, மூன்று பக்கத்தையும் தூக்கிவிட்டு அங்கிருந்து தொடங்கலாம்’ என்று இன்னொருவருக்கு. வேண்டாம் என்று எழுதிய கட்டுரைக்குத்தான் சீட்டு நீளமாக இருக்கும். கோபப்பட்டவர்கள் உண்டு. அவர்களே அடுத்த வருஷம் நல்ல கட்டுரையோடு வந்ததையும் பார்த்திருக்கிறேன். நான் ஒருமுறை கேட்டேன், ஏன் ஐயா இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள், ‘நன்று’ என்று எழுதினால் தீர்ந்ததே என்று. அவர் நூலகத்தின் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

“சுதந்திரம் வர்றதுக்கு முந்தி ஒரே ஒரு எலக்சன்ல ஓட்டுப் போட்டேன் தங்கச்சி. அப்புறம் சட்டம் போட்டு, நீ இந்த நாட்டு ஆளே இல்லன்னு எடுத்துக்கிட்டாங்க. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டேன், அது எங்க கெடக்குதோ. இப்ப எனக்குன்னு இருக்கிற ஓட்டு இந்தச் சீட்டுல போடுறது ஒண்ணுதான். அத வாசிக்காமப் போடச் சொல்றீங்களா?”

அவருக்கு மட்டுமா, எங்கள் வீட்டிலும் அப்பாவுக்கு ஓட்டு இல்லைதான். ஆனால் அப்பா தேர்தல் நாளில் போர்த்திக்கொண்டு தூங்குவார். இவர் தனக்கென்று ஒரு தேர்தலைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

மூன்றாம் வருஷமோ நான்காம் வருஷமோ, ஒரு கட்டுரை வந்தது. தோட்டப்புற மக்களுக்கு வாசிப்பில் நாட்டமே இல்லை என்பது அதன் சாரம். அவர்களுக்கு நூலகம் அமைப்பது விழலுக்கு இறைத்த நீர் என்று முடிந்திருந்தது. நல்ல தட்டச்சு, வழவழப்பான தாள். பெயரின் மேல் காகிதத்தை ஒட்டியவள் நான். அதனால் அது யாருடையது என்று எனக்குத் தெரியும். எங்கள் தலைவருடையது. அவர் பெரிய நகரமொன்றின் நூலகப் பொறுப்பாளர். சீமையில் படித்தவர். தன் எழுத்தைப் பெயரில்லாமலே உலகம் அடையாளம் கண்டுகொள்ளும் என்று நம்பியவர். தலைமையாசிரியர் ‘மிக நன்று’ என்று எழுதினார். டீமேக்கர் ஐயாவின் சீட்டு இரண்டு பக்கமும் நிரம்பி வந்தது. அதன் கடைசிப் பகுதி எனக்கு மனப்பாடம்: ‘இதை எழுதியவர் எந்தத் தோட்டத்து லய வீட்டுக்குள்ளும் கால் வைத்ததாகத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன். ஒருவர் வாசிக்க, விளக்கடியில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள். அதைப் பார்த்துவிட்டு எழுதினால் அடுத்த வருஷம் ஆவலோடு படிப்பேன்.’ அடியில் கோடு. வேண்டாம்.

சங்கச் செயலாளர் சீட்டைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த லொறியிலேயே சொல்லி அனுப்பி அவரை வரவழைத்து, விஷயம் இன்னது, எழுதியவர் இன்னார், ஒரு சொல்லை மாற்றிவிடுங்கள் போதும் என்றார். நான் பக்கத்தில் அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். ஐயாவுக்கு முகம் கறுத்தது. தலைவரைப் புண்படுத்திவிட்டோமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். வேண்டுமானால் நேரில் போய் மன்னிப்புக் கேட்கிறேன், வார்த்தை கடுமையாக இருந்தால் மன்னிக்கச் சொல்லுங்கள் என்றார். “ஆனா முடிவ மாத்த ஏலாதுங்க. பேரு தெரியாம சொன்னதப் பேரு தெரிஞ்சதும் மாத்தினா, அப்ப எதுக்குங்க பசை தடவி ஒட்டினோம்?” என்றார். செயலாளர் என்னைப் பார்த்தார், ஏதோ பசை என் குற்றம் என்பது போல.

தலைவர் நல்ல சூரர். கட்டுரையாகப் படிக்க முடியாததைத் தலைமையுரையாகப் படித்தார். தலைமையுரையை யாரும் பரிசீலிப்பதில்லை. படித்து முடித்ததும் கட்டுரை பார்த்த மூவரையும் மேடைக்கு அழைத்து, இவர்களுடைய விலைமதிப்பற்ற சேவை இல்லாவிட்டால் இந்த மாநாடே இல்லை என்று சொல்லி மாலை போட்டார். எங்கள் ஐயா மேலங்கியின் பித்தான்களையெல்லாம் போட்டுக்கொண்டு, மாலையோடு கூச்சமாக நின்றார். விரோதம் தீர்ந்தது என்று நம்பியிருப்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆட்டுக்கு மாலை எப்போது போடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் செயற்குழு கூடியது. சங்கத்தின் சட்ட யாப்பில், பொறுப்புகளில் இந்நாட்டுப் பிரஜைகள் மட்டுமே இருக்கலாம் என்று ஒரு விதி இருந்ததாம். இத்தனை வருஷமும் யார் கண்ணிலும் படாத விதி அன்று தலைவர் கண்ணில் பட்டது. கட்டுரை பார்ப்பதும் ஒரு பொறுப்புத்தானே, சம்பந்தப்பட்டவரிடம் பிரஜாவுரிமைச் சான்றிதழ் உண்டா என்று கேட்டார், மிகவும் கவலையோடு. இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஐயாவின் இடத்துக்குத் தலைவரின் மருமகனைப் போட்டார்கள். அந்தப் பையன் கண்டியில் ஏதோ கம்பெனியில் வேலை பார்த்தான். நூலகத்துக்குள் மழைக்கு ஒதுங்கியிருந்தாலும் ஒதுங்கியிருக்கலாம். ஐயாவுக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதுவது என்று தீர்மானம். கூட்டக் குறிப்பும் கடிதமும் செயலாளர் வேலை. கடிதத்தை அவர் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். வெட்கம் வர வேண்டிய இடத்தில் வராமல் தபால் எழுதும் இடத்தில் வந்திருக்கிறது.

அடுத்த மாநாட்டுக்குக் கட்டுரைகள் வந்தன. கண்டிக்கு ரயிலில் அனுப்புவதற்காக வழக்கமான பெட்டியிலேயே அடுக்கி, வாசலில் வைத்துவிட்டு ஆளைக் கூப்பிட ரயில் நிலையத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் பெட்டியைக் காணோம். வெற்றிலைக் கடைக்காரர், “லொறி வந்துச்சு மிஸ், எப்பவும் போல ஏத்திக்கிட்டுப் போயிருச்சு” என்றார். அந்த மனிதரைக் குற்றம் சொல்ல முடியுமா? இந்தப் பருவத்தில் வாசலில் பெட்டி இருந்தால் அது ஐயாவுக்கு. அது மாறிவிட்டது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? லொறி அந்த வாரம் மறுபடி கீழே வரவில்லை. ஆயிரம் வேலைக்கிடையில் எனக்கும் உடனே கிளம்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன்.

தொழிற்சாலையில் அன்று வேலையில்லை. கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் இருக்கிறார் என்றார்கள். நீளமான மாடி. சாக்குத் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. சன்னலோரம் ஒரு மேசையில் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டுரைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“வாங்க தங்கச்சி, நீங்களே வந்துட்டீங்களா. முடிஞ்சிருச்சு, கடைசிக் கட்டுரைதான். இந்த வருசம் ஒரு சேதியும் வரல. போன தடவ நடந்ததுல மனசு சரியில்லாம மறந்துட்டாங்களோன்னு இருந்தேன். லொறியில இருந்து பெட்டி எறங்கினதும்தான் நிம்மதியாச்சு. பெரிய மனுசங்க பெரிய மனுசங்கதான்.”

அதற்குப் பிறகு நான் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. எதையும் குறைக்காமல் சொன்னேன், அது மட்டும் நிச்சயம். மூடி மறைத்து இன்னொரு நன்றியுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் நின்றபடியே கேட்டார். சான்றிதழ் என்ற சொல் வந்ததும் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“கட்டுரை படிக்கவுமா?” என்றார்.

அந்தக் கேள்வியை நான் இந்த வயசிலும் சுமந்துகொண்டிருக்கிறேன். உரக்கக்கூடக் கேட்கவில்லை. ஆமாம் ஐயா என்றேன். உட்கார்ந்தார். பாதியில் விட்ட கடைசிக் கட்டுரையை எடுத்து, என்னையும் காக்க வைத்து, கடைசி வரி வரை படித்தார். அதற்கும் சீட்டு எழுதினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு சீட்டாக உருவி, அடியில் கோடு போட்ட இடத்தோடு வெட்டினார். வேண்டும், வேண்டாம், வேண்டும் என்று துண்டு துண்டாக மேசையில் விழுந்தன. வெட்டிய துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மிச்சச் சீட்டுகளைக் கட்டுரைகளில் திருப்பிச் செருகிப் பெட்டியில் அடுக்கினார்.

“இது ஓட்டு இல்ல தங்கச்சி. ஓட்ட எடுத்துக்கிட்டேன். இது சும்மா கருத்து. கருத்துக்குச் சர்டிபிகேட்டு கேக்க மாட்டாங்கதானே? எழுதினவங்க கஷ்டப்பட்டு எழுதியிருக்காங்க. அவங்க கைக்குப் போய்ச் சேந்தாப் போதும்” என்றார். படி இறங்கும் வரை கூட வந்தார். தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து நான் அப்படி அனுப்பப்பட்டது அந்த ஒரு முறைதான், அவருக்கு அன்று அது நினைவிலேயே இல்லை.

பெட்டி கண்டிக்குப் போனது. மருமகன் என்ன செய்தான் தெரியுமா? சீட்டுகளைத் தன் தாளில் பிரதி எடுத்து, எல்லாவற்றுக்கும் அடியில் ‘வேண்டும்’ என்று எழுதி அனுப்பினான். எழுதியவர்கள் சீட்டில் சொன்னபடி திருத்தினார்கள். அந்த மாநாட்டில் வாசித்த கட்டுரைகளைப் போல அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. தலைவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. வரிக்கு வரி படித்து வழிகாட்டிய இளைஞர் என்று மருமகனுக்கு மாலை போட்டார். சாப்பாட்டு நேரத்தில் கட்டுரை எழுதிய ஒருவரிடமும் செயலாளரிடமும் நடந்ததைச் சொன்னேன். எழுதியவர் “அப்படியா?” என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். செயலாளர், நல்ல காரியம் யார் செய்தால் என்ன மிஸ், சங்கத்துக்குப் பெருமை வந்தது போதாதா என்றார். போதும்தான். சங்கத்துக்கு எப்போதும் அது போதும்.

பெட்டி அதற்குப் பிறகு மேலே போகவில்லை. ஐயாவும் நூலகத்துக்கு வருவதைக் குறைத்து, ஒரு நாள் கையிலிருந்த புத்தகங்களைத் திருப்பித் தந்துவிட்டு நின்றே போனார். இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்து ஒப்பந்தம் செய்தார்கள். பின்னாளில் அவரும் பாட்டன் பூட்டன் வந்த நாட்டுக்கென்று தலைமன்னாரில் கப்பல் ஏறினார் என்று லொறிக்காரர் வந்து சொன்னார். தாய்நாடு திரும்புகிறவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்கு எது தாய்நாடு என்று தீர்மானித்தபோதும் அவரிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஓட்டுக் கிடைத்திருக்கும். அதை வாசிக்காமல் போட்டிருக்க மாட்டார்.

சென்ற மாதம் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. இவ்வருட மாநாட்டில் ‘தன்னார்வ மதிப்பீட்டாளர்களின் பெறுமதி’ என்று நான் பேச வேண்டுமாம். மாநாட்டு மலரில் ஆரம்ப காலத்திலிருந்து மதிப்பீட்டாளர்களாக இருந்த எல்லோருடைய பெயரையும் போடுகிறார்கள். மலர் வேலையைப் பார்க்கிற பெண் நூலகத்தில்தான் இருக்கிறாள். சுறுசுறுப்பானவள், நல்ல பிள்ளை. அவள் காட்டிய வரிசையில் தலைமையாசிரியர் இருந்தார், கச்சேரிக் கிளார்க் இருந்தார், மருமகன் கொட்டை எழுத்தில் இருந்தார். ஒருவர் விடுபட்டிருக்கிறார் என்று ஐயாவின் பெயரைச் சொன்னேன். அவள் மரியாதையாகத்தான் கேட்டாள்: “ஆதாரம் ஏதும் இருக்கா மிஸ்? சும்மா போட்டா கமிட்டியில கேப்பாங்க.”

இவளும் சான்றிதழ்தான் கேட்கிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய கூட்டக் குறிப்புகளில் பார் என்றேன். அவை உள்ளறையில் மேல்தட்டில் இருந்தன. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, தேயிலைப் பெட்டியைக் காலால் தள்ளிச் சுவரோடு சேர்த்து, அதன்மேல் ஏறி நின்றாள். ஒவ்வொரு கட்டாக இறக்கித் தூசி தட்டிப் புரட்டினாள். பலகை கொஞ்சம் முனகியது, தாங்கிக்கொண்டது. நான் கீழே நின்று அவள் விழுந்துவிடாமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“எல்லாத்தையும் பாத்துட்டேன் மிஸ்” என்றாள் மேலேயிருந்து. “அப்படி ஒரு ஆளே இல்லையே.”